எல்லாருக்கும் திறந்துவிட்ட நாள்

போன வாரம் கறம்பக்குடியிலிருந்து சுகந்தி போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்.

“சார், கம்ப்யூட்டருக்கு அப்டேட் போடலாம்னு சூடோங்கிற கட்டளையை அடிச்சேன். ‘ஒங்க பேரு லிஸ்ட்ல இல்ல, இந்தச் சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும்’னு இங்கிலீஷ்ல வருது. யாருக்கு சார் தெரிவிக்கும்? கலெக்டருக்கா?”

“எத்தனை தடவை அடிச்சீங்க?”

“நாலு தடவை சார்.”

“அப்ப நாலு தடவையும் தெரிவிச்சிருக்கும்.”

“ஐயோ சார்!” என்றார். பாவமாகிவிட்டது. அது எங்கேயும் போகாது, அந்த மெஷினுக்குள்ளேயே ஒரு மூலையில் பதிவாகிக் கிடக்கும், பெரும்பாலான அலுவலகங்களில் அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று சொன்னேன். “ஆனா நம்ம பிரிவுல நர்மதா மேடம் பார்ப்பாங்க” என்று முடித்தேன்.

“அதுக்குக் கலெக்டரே தேவலாம் சார்” என்றார் சுகந்தி.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்போதுதான் அவர், “நீங்க மேடத்துக்கிட்ட வேலை பார்த்ததை எழுதிக் குடுங்க சார், இப்ப பிரிவுல இருக்கிற நாங்க நாலு பேரும் படிச்சுக்கிறோம்” என்று கேட்டார். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் அந்தோணிசாமி. சொந்த ஊர் ஆவூருக்குப் பக்கம். புதுக்கோட்டையில் டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தவன். டைப்ரைட்டரைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தபோது, டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவனையே கம்ப்யூட்டர் முன்னாலும் உட்கார வைத்தார்கள். பிறகு அதில் லினக்ஸை ஏற்றினார்கள். திருச்சியில் ஐந்து நாள் பயிற்சி. முதல் நாள் கணபதி ஹோமம் மாதிரி ஏதேதோ மந்திரங்கள். நான்காம் நாள் எல்லாருக்கும் தூக்கம். ஐந்தாம் நாள் சான்றிதழ். திரும்பி வந்ததும், மாவட்டம் முழுக்கப் பரவியிருந்த பதினோரு சின்ன அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் போட்டுவிட்டார்கள். அந்தப் பிரிவு என்பது நானும் ஒரு மேசையும்தான்.

அந்த ஐந்து நாளில் எனக்கு உருப்படியாகப் புரிந்தது ஒன்றே ஒன்று. லினக்ஸ் கம்ப்யூட்டரில் நாமெல்லாம் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். நம் அறைக்குள் கட்டிலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். சுவரை இடிக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரர் அனுமதி வேண்டும். வீட்டுக்காரர் பெயர் ரூட். புதிய மென்பொருள் ஏற்றுவது, இருப்பதைப் புதுப்பிப்பது எல்லாம் சுவரை இடிக்கிற வேலை. அதற்குக் கட்டளையின் முன்னால் சூடோ என்று சேர்க்க வேண்டும். ‘இந்த ஒரு வேலைக்கு மட்டும் வீட்டுக்காரர் அதிகாரத்தை எனக்குக் கொடு’ என்று அர்த்தம். நம் பெயர் பட்டியலில் இருந்தால், நம்முடைய பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு வேலையை முடித்துத் தரும்.

இதில் ஒரு விசேஷம். அந்தப் பாஸ்வேர்டை அடிக்கும்போது திரையில் புள்ளிகூட வராது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாருக்கும் சொல்லவில்லை. கறம்பக்குடி அலுவலகத்திலிருந்து ஒருநாள் போன். “கீபோர்டு செத்துப்போச்சு சார். மத்த எடத்துல எல்லாம் எழுதுது, பாஸ்வேர்டு கேக்குற எடத்துல மட்டும் செத்துப்போகுது.” நான் புதுக் கீபோர்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மாட்டினேன். அதுவும் அதே இடத்தில் செத்தது. இன்னொன்று கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மறுநாள் அதையும் கொண்டுபோனேன். மூன்றாவது நாள் அந்த அலுவலகத்து அம்மாள் எரிச்சலில் கண்ணை மூடிக்கொண்டு பாஸ்வேர்டை அடித்து என்டர் தட்ட, வேலை நடந்துவிட்டது. “கீபோர்டு உயிரோடத்தான் சார் இருந்திருக்கு” என்றார். மூன்று கீபோர்டுகளையும் நான் மேசையில் வரிசையாக அடுக்கி வைத்தேன்.

இப்படிக் குருட்டாம்போக்கில் ஓடிக்கொண்டிருந்த பிரிவுக்குத் தலைமையாக நர்மதா மேடம் வந்தார். விராலிமலைக்காரர். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டை ஒட்டிய வயது. மேடத்துக்கு என் மூத்த மகள் வயது. வந்த முதல் திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

“சார், வெள்ளிக்கிழமை பதினொன்னேகாலுக்கு என்ன பண்ணீங்க?”

“டீ குடிச்சேன் மேடம்.”

“அதுக்கு மின்னாடி?”

அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். நான் அடித்த ஒவ்வொரு சூடோ கட்டளையும் நேரத்தோடு அச்சாகியிருந்தது. அந்த மெஷின் இத்தனை வருடமாக என்னைக் கவனித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

“ஆறு மாசமா, மாசாமாசம் அப்டேட் முடிஞ்சதுன்னு ரிப்போர்ட் குடுத்திருக்கீங்க. ஆனா அப்டேட் மட்டும்தான் அடிச்சிருக்கீங்க. அப்கிரேட் அடிக்கவே இல்லையே?”

“ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?”

ஒன்று இல்லை. அப்டேட் என்றால் எதெது புதிதாக வந்திருக்கிறது என்ற பட்டியலைக் கொண்டுவருவது. அப்கிரேட் அடித்தால்தான் அதெல்லாம் உண்மையில் ஏறும். அதாவது நான் ஆறு மாதமாகப் பையைத் தூக்கிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போய், விலைப்பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். வீட்டில் அரிசி இருப்பதாக வேறு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மேடம் திட்டவில்லை. அவருக்குத் திட்டத் தெரியாது. ஒரு பதிவேடு போட்டார். சூடோ அடிக்கும் முன் மூன்று கேள்விக்கு அதில் பதில் எழுத வேண்டும். என்ன செய்யப் போகிறீர்கள்? எது மாறும்? தப்பாகிப்போனால் எப்படித் திரும்புவீர்கள்? மூன்றாவது கட்டத்தில் நான் வழக்கமாக ‘பஸ்ஸில்’ என்று எழுதுவேன். அதையும் வாசித்துவிட்டு, சிரிக்காமல் கையெழுத்துப் போடுவார்.

எதைக் கேட்டாலும் அவர் முதலில் சொல்லுவது “வாசிங்க சார்” என்பதுதான். பிழை வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஓடினால், “என்ன போட்டிருக்கு? வாசிங்க” என்பார். “ஏதோ பெர்மிஷன்...” என்று ஆரம்பித்தால், “ஏதோ வேணாம். முதல் எழுத்திலேருந்து வாசிங்க.” இரண்டு வரி வாசிப்பதற்குள் பதில் அந்த வரியிலேயே இருக்கும். எனக்கு அவமானமாக இருக்கும். முப்பது வருடம் டைப் அடித்தவன் நான். எழுத்தை வாசிக்காமலே அடிப்பதுதான் என் திறமை. நிமிடத்துக்கு அறுபது வார்த்தை. அந்த வேகமே எனக்கு வினையாக வந்தது.

அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஜெகதாப்பட்டினம் போகும் பஸ்ஸில் ஏறி, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்க வேண்டிய ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே மீன்பிடிக்கப் போகும் விசைப்படகுகளுக்கு டோக்கன் கொடுக்கும் அலுவலகம் எங்கள் பொறுப்பில் இருந்தது. ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், காமாட்சி. காமாட்சி அங்கே ஒரே ஊழியர். கடலுக்குப் போகும் நாளில் விடியும் முன்னமே வந்து, எந்தப் படகில் யார் யார் போகிறார்கள் என்று கேட்டு ஏற்றி, டோக்கன் அச்சடித்துக் கொடுப்பார். முன்பு நோட்டில் எழுதினார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் நோட்டை விட்டுவிட்டார்கள்.

அந்த மெஷினில் அப்டேட் போட காமாட்சிக்கு அனுமதி இல்லை. அதனால் மாதம் ஒருமுறை நான் அறந்தாங்கியில் பஸ் மாறி, இரண்டரை மணி நேரம் குலுங்கிக்கொண்டு போய் நான்கு வார்த்தை அடித்துவிட்டு வர வேண்டும். மேடத்திடம் புலம்பினேன்.

“சரி சார். காமாட்சிக்கு அப்டேட், அப்கிரேட் ரெண்டு கட்டளைக்கு மட்டும் அனுமதி குடுத்திருங்க. அனுமதிப் பட்டியல்ல ஒரு வரி சேர்க்கணும். வரியை எழுதித் தாரேன். அப்படியே அடிங்க. வேற எதையும் தொடாதீங்க.”

எழுதிக் கொடுத்தார். போனேன். படகுகள் எல்லாம் காலையிலேயே டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குள் போயிருந்தன. மறுநாள்தான் திரும்பும். அலுவலகம் காலி. நிதானமாக வேலை பார்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. முதலில் அப்கிரேட் போட்டேன். முடிந்தது. பிறகு மேடம் எழுதிக் கொடுத்த வரியை அடித்தேன். நிமிடத்துக்கு அறுபது வார்த்தை வேகத்தில். வரியில் பிழை என்றது கம்ப்யூட்டர். மறுபடி அடித்தேன். மறுபடியும் பிழை. எங்கே என்று வரி எண்ணோடு போட்டிருந்தது. நான் வாசிக்கவில்லை.

அதற்குப் பதிலாக, என்றோ யாரோ சொல்லி டைரியில் எழுதி வைத்திருந்த ஒரு கட்டளை நினைவுக்கு வந்தது. ‘அனுமதி மறுப்பு வந்தால் இதைப் போடவும்.’ மூன்று ஏழு. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று இலக்கம் உண்டு. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, இரண்டாவது அவர் குழுவுக்கு, மூன்றாவது ஊர் உலகத்துக்கு. ஏழு என்றால் வாசிக்கலாம், எழுதலாம், இயக்கலாம், எதையும் செய்யலாம். மூன்று ஏழு என்றால் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். கம்ப்யூட்டரின் அமைப்புக் கோப்புகள் எல்லாம் இருக்கும் பெரிய கோப்புறை மொத்தத்துக்கும் அதைப் போட்டேன். ஒரு எதிர்ப்பும் இல்லை. கண் இமைப்பதற்குள் முடிந்தது.

“காமாட்சி, இனிமே ஒங்களுக்கு பெர்மிஷன் பிரச்சினையே வராது. எல்லாத்தையும் எல்லாருக்கும் தொறந்து விட்டுட்டேன்” என்றேன்.

“எல்லாருக்குமா சார்?” என்றார் காமாட்சி. அந்தக் கேள்வியையும் நான் கவனிக்கவில்லை.

பதிவேட்டில் ‘அனுமதிப் பிரச்சினை நிரந்தரமாகத் தீர்க்கப்பட்டது’ என்று எழுதினேன். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, பக்கத்துக் கடையில் மீன் குழம்பு சாப்பிடப் போனேன். நல்ல சாப்பாடு. வெற்றிலையும் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது அலுவலக வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றார்கள்.

எல்லை தாண்டியதாகக் கடலில் ஒரு படகை அடுத்த நாட்டுக் கடற்படை பிடித்துவிட்டது என்று செய்தி வந்திருந்தது. படகின் நம்பர் தெரிந்துவிட்டது. அதில் யார் யார் இருந்தார்கள் என்பது தெரியவில்லை. அந்தக் கரையில் இது சகஜம். காலையில் ஒருவர் வரவில்லை என்றால் பக்கத்துப் படகிலிருந்து ஒருவரை இழுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டில் ஒரு படகைச் சொல்லிவிட்டு இன்னொரு படகில் போனவர்கள் உண்டு. சரியான பட்டியல் காமாட்சியின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் டோக்கன் புரோகிராம் திறக்கவில்லை.

முன்னால் நின்றவர் பெயர் செல்வி. அவர் கணவர் அந்தப் படகில்தான் வழக்கமாகப் போவார். நிற்க முடியாமல் தள்ளாடிய அவரைப் பக்கத்து வீட்டு பாக்கியம் தோளோடு பிடித்துக்கொண்டிருந்தார். “அழுவாதடி. பேரைப் பார்த்துருவோம். பெறகு அழு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் உட்கார்ந்தேன். சூடோ அடித்தேன். சூடோ வேலை செய்ய மறுத்தது. இந்த முறை வாசித்தேன். அனுமதிப் பட்டியலை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற நிலையில் இருக்கிறது, அதனால் அதை என்னால் நம்ப முடியாது, விலகுகிறேன் என்று எழுதியிருந்தது.

மேடத்துக்குப் போன் செய்தேன். என்ன செய்தேன் என்று சொன்னேன். மூன்று ஏழு என்றபோதும் அவர் திட்டவில்லை. அதே குரல்.

“டோக்கன் புரோகிராமோட டேட்டாபேஸ் ஏன் எழும்பலைன்னு பதிவுல இருக்கும். வாசிங்க சார்.”

பதிவைப் பார்க்க சூடோ தேவைப்படவில்லை. வாசித்தேன். ரகசியச் சாவிக் கோப்பை எல்லாரும் வாசிக்க முடிகிறது, அதனால் தொடங்க மாட்டேன் என்றிருந்தது.

“பேரெல்லாம் பத்திரமா உள்ள இருக்கு. தொறக்கத்தான் மாட்டேங்குது. பயப்படாதீங்க” என்றார் மேடம்.

வாசலிலிருந்து ஒரு வயதான அம்மாள் கேட்டார். “என்னய்யா, புள்ளைங்க பேரெல்லாம் அழிஞ்சுபோச்சா?”

“அழியல ஆத்தா. பூட்டிக்கிட்டு இருக்கு.”

“யாரு பூட்டுனா?”

“நான்தான்.”

காமாட்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். “தொறந்து விட்டேன்னுதானே சார் சொன்னீங்க?”

“அதனாலதான் பூட்டிக்கிச்சு” என்றேன். இதைவிடச் சரியாக அதை எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது.

மேடம் சொன்னபடி மெஷினை ரீஸ்டார்ட் செய்து, ஷிஃப்டை அமுக்கிக்கொண்டே இருந்தேன். பழுது பார்க்கும் பட்டியல் வந்தது. அதில் ரூட் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கறுப்புத் திரை.

“இப்ப நீங்கதான் சார் ரூட். எதை அடிச்சாலும் பாஸ்வேர்டு கேக்காது, நிச்சயமான்னு கேக்காது, செஞ்சுரும். அதனால நான் சொல்றதை முதல்ல எனக்குத் திருப்பிச் சொல்லுங்க. சரின்னு சொன்ன பெறகு அடிங்க. வாசிச்சுட்டுத்தான் என்டர்.”

அவர் பக்கத்தில் இதே மாதிரி இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் என்ன அனுமதி என்று பார்த்துச் சொன்னார். பழுது பார்க்கும் நிலையில் வட்டை வாசிக்க மட்டும்தான் முடியும்; முதலில் அதில் எழுதவும் முடிகிற மாதிரி மாற்றினோம். பிறகு அந்தப் பெரிய கோப்புறையில் இருந்தவற்றுக்குப் பொதுவான எண்கள். அதற்குப் பிறகு ரகசியமானவை ஒவ்வொன்றாக. அனுமதிப் பட்டியலுக்கு நான்கு நான்கு சைபர். “உரிமையாளர் வாசிக்கலாம், குழு வாசிக்கலாம், மத்தவங்களுக்குக் கிடையாது” என்று நான் சத்தமாகச் சொல்ல, “சரி” என்பார் மேடம். அடிப்பேன். பாஸ்வேர்டுக் கோப்புக்கு ஆறு நான்கு சைபர். சாவிக்கும் ஆறு நான்கு சைபர். வாசலில் நின்ற பெண்களுக்கு நான் ஏதோ ஜெபம் சொல்வது போல் இருந்திருக்க வேண்டும். ஒருத்தர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். என் வாழ்க்கையில் நிமிடத்துக்கு ஒரு வார்த்தை என்ற வேகத்தில் நான் டைப் அடித்தது அந்த முக்கால் மணி நேரம் மட்டும்தான்.

மெஷின் எழும்பியது. புரோகிராம் திறந்தது. காமாட்சி நாற்காலியில் உட்கார்ந்து படகு நம்பரை அடித்தார். ஐந்து பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றாக, தகப்பன் பெயரோடு வாசித்தார்.

செல்வியின் கணவர் பெயர் அதில் இல்லை. நான்காவதாகப் பாக்கியத்தின் கணவர் பெயர் இருந்தது.

காமாட்சி திரையிலிருந்து செல்வியின் பக்கம் திரும்பினார். “காலையில ஒங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல்னு, கடைசி நேரத்துல மாத்திக்கிட்டாங்க. நான்தான் திருத்திப் போட்டேன்” என்றார் மெதுவாக. செல்வியின் கணவர் அப்போது எங்கே என்று தேடினால், ஐஸ் பிளான்ட்டின் பின்புறம் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாராம். வீட்டுக்கு வந்தால் கடலுக்குப் போகாததற்குத் திட்டு விழும் என்று பயம்.

அதுவரை தாங்கிக்கொண்டிருந்த பாக்கியத்தை இப்போது செல்வி தாங்கிக்கொண்டார். சந்தோஷப்படவும் முடியாமல், அழுகையை நிறுத்தவும் முடியாமல் செல்வி நின்ற நிலையை நான் மறக்கவில்லை. பட்டியலை அச்சடித்து, மேலே அனுப்ப வேண்டியவர்களுக்கு அப்போதே அனுப்பினோம். மூன்றாவது வாரம் ஐந்து பேரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். பாக்கியத்தின் கணவரும் செல்வியின் கணவரும் இன்றும் ஒரே படகில்தான் போகிறார்கள். காய்ச்சல் வந்தால் இரண்டு பேருக்கும் ஒன்றாக வர வேண்டும் என்று பெண்கள் இரண்டு பேரும் சட்டம் போட்டுவிட்டார்களாம்.

மறுநாள் மேடத்தின் முன்னால் போய் நின்றேன். “என்னாச்சுன்னு நீங்களே எழுதிக் குடுங்க சார்” என்றார். நான்கு பக்கம் எழுதினேன். முழுக்க வாசித்தார். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். “மூணு மாசத்துக்கு ஒங்க பேரை அனுமதிப் பட்டியல்லேருந்து எடுத்திர்றேன். தண்டனை இல்ல சார். மெதுவா வேலை பார்க்கிற பழக்கம் வரட்டும்னுதான்” என்றார். அந்த மூன்று மாதமும் ஒரு சின்ன எழுத்துரு ஏற்றுவதற்குக்கூட நான் அவரிடம் காகிதத்தில் எழுதிக் கேட்டேன். வீட்டில் காபி கேட்கும்போதுகூட ஏன், எதற்கு என்று காரணம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். என் மனைவி அதை ரொம்பவும் ரசித்தாள்.

பிறகு மேடமே என்னோடு கடற்கரைக்கு வந்தார். காமாட்சிக்கு அந்த ஒரு வரியைச் சேர்த்தோம். நான் அன்று விட்டது ஒரு காற்புள்ளி. காமாட்சிக்கு இரண்டே இரண்டு கட்டளை. அதற்குமேல் ஒரு அங்குலம் நகர முடியாது. மேடம் அவரிடம் ஒன்று மட்டும் சொன்னார். “என்ன வந்தாலும் கடைசி வரி வரைக்கும் வாசிங்க.” காமாட்சி ஒரு பழைய நோட்டில் அதை எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு ஏழெட்டு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. நான் பஸ் ஏறவில்லை. ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் இருந்தன. ஒருநாள் காலை பதினொரு மணிக்குக் காமாட்சி போன் செய்தார்.

“சார், அப்கிரேட் போட்டேன். தொடரவான்னு கேக்குது.”

“எப்பவும் கேக்கிறதுதானே. என்டரைத் தட்டுங்க.”

“இல்ல சார். எப்பவும் ‘புதுசா ஏறும்’னு ஒரு லிஸ்ட்தான் வரும். இன்னைக்கு கீழே ‘நீக்கப்படும்’னு இன்னொரு லிஸ்ட் இருக்கு. நீளமா இருக்கு. நாப்பதாவதோ என்னவோ, நம்ம டோக்கன் புரோகிராமோட டேட்டாபேஸ் பேரு இருக்கு.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என் விரல் எப்போதோ என்டரைத் தட்டிவிட்டிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

“காமாட்சி, எதையும் தொடாதீங்க. மேடத்தைக் கூப்பிடுறேன்.”

“நோ போட்டுட்டேன் சார். மேடத்துக்கும் பேசிட்டேன். அவங்க பார்த்துட்டுச் சொல்றேன்னாங்க. ஒங்ககிட்ட சும்மா ஒரு தகவலுக்குத்தான் சொல்றேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அம்பத்திரெண்டு படகு கடலுக்குள்ள போயிருக்கு சார் இன்னைக்கு” என்றார்.